வாய் உலரும் என்று சொன்னவர்

செல்வராணி சிஸ்டர் காலமான செய்தியை என் பழைய நோயாளி ஏகாம்பரம்தான் தொலைபேசியில் சொன்னார். "நம்ம சிஸ்டர் பூட்டாங்க டாக்டர்" என்றார். ஸ்ரீபெரும்புதூரில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனக்கு அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1991இல் அங்கே ஒரு சிறிய கிளினிக்கில் நான் புது டாக்டர். அவர் பல வருட நர்ஸ். பிள்ளைப்பாக்கத்து ஏகாம்பரம் அப்போது ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாலு பேர் பார்க்கச் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குக் கை நடுங்கும், வாய் உலரும். கேன்டீன் பக்கமே போகாமல் ஷிப்ட் முழுக்கப் பட்டினி கிடப்பார். இது வெறும் கூச்சமில்லை, மருந்து தேவைப்படும் பயம் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் மாத்திரை எழுதி, "போட்டுப் பாருங்க, கேட்டா கேக்கும்" என்று அனுப்பிவைத்தேன்.

ஐந்தாம் நாள், சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார். "மாத்திர போட்டதுலேருந்து வாய் இன்னும் காயுது டாக்டர். பயம் ஜாஸ்தியாயிடுச்சு. வேலைய வுட்டுடறேன்." அவர் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவர். நான் பதறிப்போய் மருந்தை மாற்றப் பேனாவை எடுத்தேன்.

சிஸ்டர் குறுக்கிட்டார். "இப்ப வாய் காயறது மாத்திரையால ஏகாம்பரம். பயம் ஏறிடுச்சுன்னு நெனைச்சுக்காத. அந்த பயம் கொறைய மூணு நாலு வாரம் ஆவும். ஒரேடியா போயிடாது, ஆனா கேன்டீன்ல உக்காந்து சாப்புடுவ."

அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களே நம்பாம குடுத்தா எப்டி டாக்டர் கேக்கும்? இன்னா ஆவும்னு முன்னாடியே சொல்லணும் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "இங்கே டாக்டர் நீங்களா, நானா?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்கதான். அத முழுங்கறவன் மனசுல இன்னா கீதுன்னும் நீங்கதானே கேக்கணும்?"

அதே மாத்திரை, அதே அளவு. நான்காம் வாரம் ஏகாம்பரம் வந்து, கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டதைச் சொன்னார். என்னிடம் இல்லை, சிஸ்டரிடம்! அந்த வேலையிலிருந்துதான் ஓய்வும் பெற்றார்.

இல்லாததைச் சிஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

இன்றும் மருந்து எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "இந்த மாத்திரை உங்களுக்கு என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கிறேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடுவதில்லை. கைராசிக்கார டாக்டர் என்று எனக்கு ஊரில் பெயர் இருக்கிறது. அந்த ராசி செல்வராணி சிஸ்டருடையது.