துஷானியின் பிறந்தநாள்

எசன் நகர டென்னிஸ் கிளப்பில் எல்லோருக்கும் அவள் துஷானி. வீட்டில் மட்டும் கௌசிகா. உண்மையான துஷானி அவளுடைய அக்கா. யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் செத்துப்போனவள். ஜெர்மனிக்கு ஓடிவந்தபோது தாய் செல்லத்தின் கைப்பையில் மிஞ்சியிருந்தது மூத்தவளின் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. ஐந்து வயதான இளையவள் கௌசிகாவை, ஏழு வயதுத் துஷானி என்று அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பொய்தான் கௌசிகாவை ஆட்டக்காரியாக்கியது. எப்போதும் தன்னைவிட இரண்டு வயது பெரிய பெண்களோடு மோதினாள். விழுந்தாள், செம்மண் தரையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதாள், பிறகு திருப்பி அடிக்கப் பழகினாள்.

2004 கோடையில் அவள் ஆட்டத்தைப் பார்க்க கேரல் வந்தார். ஒருகாலத்தில் அமெரிக்காவில் பெயரெடுத்த ஆட்டக்காரி. இப்போது கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர்.

"நான்கு வருடப் படிப்பும் இலவசம். வருகிறாயா?" என்றவர், கையில் வாங்கிய கடவுச்சீட்டைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"இருபத்தொன்றா? பத்தொன்பது என்றல்லவா நினைத்தேன்! இருபது வயதுக்குப் பிறகு வெளியே ஆடிய காலத்தைக் கல்லூரி விதி அந்த நான்கு வருடத்திலிருந்து கழித்துவிடும். எனக்கு நான்கு வருடமும் ஆடுகிறவள் வேண்டும். நாளை காலை நான் புறப்படுகிறேன்."

கௌசிகா வீட்டுக்கு ஓடினாள். செல்லம் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குப் பத்தொன்பது எண்டு எழுதித் தாங்கோ. உங்கட காலில விழுறன்."

"எழுதினா எங்கட விசா என்னாகும்?"

"இனி இப்படியொண்டு எனக்கு வராதம்மா!"

செல்லம் அடுப்பை அணைத்தாள். "துஷானி இந்த நாட்டில பதினாலு வருசமாச் சீவிக்கிறாள். ஒரு பந்துக்காக என்ர பிள்ளையை இன்னொருக்காச் சாகக் குடுக்கச் சொல்லுறியோ?"

"அப்ப நான் ஆரம்மா?"

"நீயோ? உன்னை இங்க ஆருக்குத் தெரியும்?"

கேரல் போய்விட்டார். அவள் அதே கிளப்பில் பயிற்சியாளரானாள். 2009இல் கேரல் மீண்டும் வந்தார். அவள் பயிற்சி கொடுத்து வளர்த்தெடுத்த சபீனே என்ற பெண்ணைத் தன் அணிக்குத் தேர்ந்தெடுத்தார்.

சபீனேக்கான பரிந்துரைப் படிவத்தில் பயிற்சியாளரின் பிறந்த தேதி கேட்டிருந்தது. கை தானாக அக்காவின் தேதியை எழுதியது. தன்னுடையது எதுவென்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. தாயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, நான் பிறந்தது எப்ப?"

"இதென்ன கேள்வி? மார்ச் ஒன்பது," என்றாள் செல்லம், சற்றும் தயங்காமல்.

அது அக்காவின் பிறந்தநாள்.