பத்து வயதில் நான் போய்வந்த தீவு

போன கிழமைதான் மொரிசியஸிலிருந்து திரும்பினேன். மகள் எல்லாம் பதிவு செய்து தந்தாள், மருமகன் விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டான், நானும் மனைவியும் பத்து நாள் ராசா ராணி மாதிரி இருந்துவிட்டு வந்தோம். கடல் என்றால் அதுதான் கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் நகம் தெரிகிறது. காலையில் எழும்பும்போதே பப்பாசிப் பழம் வெட்டி வைத்திருக்கிறார்கள். இளநீரில் ஒரு குழலைச் செருகி, அதற்கு வெயில் படாமல் ஒரு காகிதக் குடையும் பிடித்துத் தருகிறார்கள். பரிமாறிய பையன் என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, ஐயா பாரிஸிலேயே பிறந்தவரோ என்று கேட்டான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

பாரிஸ் லா சப்பேலில் என் கடைக்குள் கால் வைத்த நேரம் தொடக்கம் இந்தக் கதைதான். மரக்கறிப் பெட்டி இறக்க வந்த வன்னிப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னண்ணை, நல்லாக் கறுத்துப்போய் வந்திருக்கிறியள்?"

"டேய், உது சும்மா கறுப்பில்லை. காசு குடுத்துக் கறுத்தது."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோசம்தான். நான்காம் வகுப்போடு தமிழையும் பதினாறு வயதோடு பிரெஞ்சையும் படித்து முடித்தவன் நான். பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்றைக்கு இரண்டு கடையும் புறநகர் ஆர்ஜொந்தெயில் ஒரு வீடும் வைத்திருக்கிறேன். ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அப்படிப்பட்டவன் பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வந்து கதை சொன்னால் நாலு பேர் நின்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள், அதே கதையை எட்டாவது தரமோ ஒன்பதாவது தரமோ சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. தீவுக்குப் போய்வந்த கதையை நான் முதன்முதலாகச் சொன்னது பத்து வயதில். அன்றைக்கும் கேட்டவர்கள் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டார்கள். என்ன, அன்றைக்கு நான் எங்கேயும் போயிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்கு வந்து எங்களுக்கு அப்போது ஒரு வருடம் கடந்திருந்தது. அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு பேருக்கும் லா சப்பேலில் நாலாம் மாடியில் ஒரே ஓர் அறை. ஓகஸ்ட் மாதம் வந்ததும் ஊரே வெறுமையாகிவிட்டது. பெட்டி கட்டக்கூடியவர்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒரு விடுமுறைக் காப்பகம் நடந்தது. என் வகுப்பிலிருந்து அங்கே போனது நான் ஒருவன்தான். யூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் நூலில் மணி கோர்த்தேன்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு குவாதலூப் பெடியன். தங்கள் தீவுக்குப் போய், ஒரு பை நிறையச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு விடுகிறார்கள் இல்லை. ஒரு சிப்பியை வாங்கி எல்லாரும் காதில் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு ஒரு தீவு இருந்தால் எனக்கும் ஒரு தீவு இருக்கிறதுதானே.

அடுத்தது என் முறை. எழும்பினேன். நாங்கள் நாலு பேரும் விமானத்தில் எங்கள் தீவுக்குப் போனோம் என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு வாய் தன்பாட்டில் போனது. வீட்டுக் கதவைத் திறந்தால் கடல். தென்னையில் நானே ஏறி நானே பறித்தேன். பின்னேரம் ஆனையில் ஏறிச் சந்தைக்குப் போனேன். ஆனையை நான் அதுவரை புத்தகத்தில்தான் கண்டது. குவாதலூப் தீவில் ஆனை இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஆசிரியை உலகப் படத்தை இறக்கி, தீவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். படம் கீறச் சொன்னார். கீறினேன். கடல், தென்னை, வீடு, ஆனை, வாசலில் நாங்கள் நாலு பேர். அவரே மேலே என் பெயரையும், ஓகஸ்ட் மாதம் இலங்கையில் கழித்த விடுமுறை என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதி நடைவழிச் சுவரில் குத்திவிட்டார். மூன்று கிழமை நான்தான் அந்த வகுப்பின் ராசா.

நாலாம் கிழமை என்னைக் கூட்டிப்போக அக்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள். வீடு வரும்வரை என் காதை விடவில்லை.

"அப்பா, இவன் ஊருக்குப் போய்வந்தவனாம். ஓகஸ்ட்டிலை. நாங்கள் நாலு பேருமாம். பேரோடை எழுதி ஒட்டிக் கிடக்கு."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டிருந்தோம். முதல்தரம் இல்லையென்று பதில் வந்து, மேன்முறையீடு போட்டுவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த காலம். அதிலும் இல்லையென்றால் அந்த அறையும் இல்லை, வேலையும் இல்லை, பாரிஸும் இல்லை.

"பள்ளிக்கூடச் சுவரிலைதானே இஞ்சேருங்கோ," என்றார் அம்மா.

"பள்ளிக்கூடமும் கவுண்மேந்து, இருக்க அனுமதி குடுக்கிற பிரெபெக்த்தூரும் கவுண்மேந்து. போனால் சுடுவாங்களெண்டு நான் அங்கை எழுதிக் குடுத்திருக்கிறன். இவன் இஞ்சை ஆனையிலை ஏறி விளையாடினதெண்டு படம் கீறிக் குடுத்திருக்கிறான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆனையை நீ எங்கையடா கண்டனீ?"

அப்பா என்னை அடிக்கவில்லை. ஏன் சொன்னனீ என்று மட்டும் கேட்டார். எல்லாரும் எங்கையாவது போனவை என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு, அகதி நேர்முகத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை எடுத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலை, பத்திரங்கள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையோடு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க அக்கா. ஆசிரியை நடைவழிக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்து நின்றார்.

"பிள்ளை, சொல்லு. என்ரை மகன் பொய்க்காரன்."

அக்கா சொன்னாள். நான் அதை இரண்டு மொழியிலும் கேட்டேன். ஆசிரியை சிரித்தார். நம்பவில்லை என்று நினைத்து அப்பா பைக்குள் கைவிட்டு, மறுத்து வந்த கடிதம், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் முத்திரை குத்தும் தாள், சம்பளத் துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் அடுக்கினார். ஆசிரியை வாசித்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது. பிறகு அக்காவிடம் ஆறுதலாக ஏதோ சொன்னார்.

"அப்பா, அவவுக்கு முதல் நாளே தெரியுமாம். காப்பக வரவு இடாப்பிலை இவன்ரை பேர் ஒரு நாள் விடாமல் இருக்காம்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஒட்டினவ?"

அக்கா கேட்டுவிட்டு வந்தாள். "போன வருசம் முழுக்க இவன் வாய் திறக்கேல்லையாம். அண்டைக்குத்தான் முதல்முதலாக் கதைச்சவனாம். பத்து நிமிசம். நிப்பாட்ட மனம் வரேல்லையாம்."

என் வாழ்க்கையில் நான் விற்ற முதல் சரக்கு அது. கடை முதலாளியாக இன்றைக்குச் சொல்கிறேன், கள்ளச் சரக்கென்று தெரிந்தே வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

ஆசிரியை தானே ஊசிகளைக் கழற்றிப் படத்தை அப்பாவிடம் கொடுத்தார். அதோடு உள்ளே போய், இந்த மாணவன் யூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் ஒவ்வொரு வேலைநாளும் பாரிஸில் எங்கள் கண்முன்னே இருந்தான் என்று ஒரு கடிதம் எழுதி முத்திரையும் குத்திக்கொண்டு வந்தார். எழுத்து விளங்காவிட்டாலும் முத்திரை அப்பாவுக்கு விளங்கியது. மூன்று தரம் மெர்சி சொன்னார். அந்த வருடம் முடியுமுன் எங்களுக்கு வதிவிடக் கார்ட் கிடைத்தது. என் பொய்யால் வந்த கடிதத்தால்தான் கிடைத்தது என்று நான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். வழக்கறிஞர் அந்தக் கடிதத்தை மேசையில் எடுத்து வைக்கவேயில்லை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஆனால் அந்த நாளில் மனதில் நிற்பது மத்தியானம் நடந்ததுதான். சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் இருந்தார், மடியில் என் படம். இப்போது விழும் அடி என்று நினைத்தேன்.

"இஞ்சை வா. பென்சிலை எடு."

கொடுத்தேன்.

"எங்கடை வாசல் இந்தப் பக்கமே பாக்கிறது?" வாசலை அழித்து மற்றப் பக்கம் கீறினார். "கடல் இவ்வளவு கிட்டவே? நடுவிலை பனங்காணி கிடக்கு." பனை கீறினார், ஒன்று, இரண்டு, ஏழெட்டு. "கிணறு எங்கை?" கிணறும் வந்தது. அகப்பைக் கையோடு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். கிணற்றடியில் தோடை மரம் நின்றது இடப்பக்கம் என்றார். இல்லை, வலப்பக்கம் என்றார் அப்பா. கொஞ்ச நேரம் தர்க்கப்பட்டார்கள். கடைசியில் இடப்பக்கமே நட்டார்.

"அப்ப ஆனை?" என்றேன்.

"அது நிக்கட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வகுப்பு முழுக்க மெச்சிய படம். ஒரு பிழை விடாமல் தேடித் தேடிப் பிடிக்கிறாரே என்று இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் படத்தைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், முத்திரையளவு துண்டாக வரும்வரை கிழித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலைக்குப் போகுமுன் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில் மூன்று குப்பைத் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போட்டார்.

நான் முகத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கிழிக்கப்போகிற படத்தை யாராவது மினைக்கெட்டு இருந்து திருத்துவார்களா? இந்த மனிதனுக்கு அறளை பெயர்ந்து புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.