அம்புக்குறியை மாற்றிப் பூட்டச் சொன்னவன்

அரசாங்கம் டயர் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில், பின்சக்கரத்து டயரை என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் பூட்டிக்கொண்டு திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தவன் நான். ஒருமுறை அல்ல, மாதம் தவறாமல். முன் டயர் எந்தக் கடையிலும் இல்லை. பின் டயர் தேடினால் கிடைத்தது. அது கொஞ்சம் அகலம், ரப்பரும் தடிப்பு, தூர ஓட்டத்துக்குச் சீக்கிரம் தேயாது. அலுவலகத்தில், தேநீர்க் கடையில், கல்யாண வீட்டில்கூட அந்த டயர்க் கதையை அவிழ்த்துவிட்டேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள் என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும், டயர் பூட்டித் தந்தவரைத் தவிர, யாருக்கும் சொல்லவில்லை. டயரின் பக்கத்தில், அது உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். பின் டயரை முன்னால் போடுவதென்றால் அந்த அம்புக்குறி பின்னோக்கி நிற்கும்படி மாற்றிப் பூட்ட வேண்டும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிறகு நான் என்ன பெரிய ஆள்?

கொட்டாவி விடாமல் கேட்டவர் ஒருவர் இருந்தார். கிண்ணியாக்காரர், மீன் வியாபாரி, முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். விடியவே துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். அவருடைய முன் டயரில் நூல் தெரியத் தொடங்கியிருந்தது.

“சேர், நீங்க போட்ட மாதிரி நானும் போடலாமா?” என்று கேட்டார்.

“தாராளமாப் போடுங்க நானா. நானே வந்து நிண்டு பூட்டுவிச்சுத் தாறன்.”

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு டயர்க் கடை. கடைக்காரர் சல்லிக் கிராமத்துப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிண்ணியா மீன் வியாபாரிகள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நானா மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஐஸ் வாங்கப் போன நேரத்தில், கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உங்கட பைக்குக்கு நீங்க கேட்டீங்க, அம்புக்குறியை மாத்திப் போட்டுத் தந்தனான். நீங்க தனிய ஓடுற ஆள். இது பாரம் ஏத்துற பைக். மழைக்குத் தண்ணியப் பிரிக்காது.”

“அண்ணன், நான் படிச்சுப்போட்டுத்தான் சொல்றன். மாத்தியே பூட்டுங்க.”

படித்தேனாம். ஒரு பக்கம் படித்தேன், அதையும் பாதியில் விட்டேன். அவர் நான் சொன்னபடியே மாற்றிப் பூட்டினார்.

மாரி மழை தொடங்கிய கிழமையே நானா விழுந்தார். கந்தளாய் தாண்டியதும் மாடு ஒன்று குறுக்கே வர, முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். சக்கரம் வழுக்கிவிட்டது. கணுக்கால் முறிந்தது, மீன் முழுக்க வீதியில் கிடந்தது. மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன மற்ற வியாபாரிகள் அம்புக்குறி மாறி நிற்பதைக் கண்டார்கள். பூட்டினவர் கவனமில்லாமல் பூட்டிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. செய்தி என் காதுக்கு வந்த அன்று பின்னேரமே, வேறொரு கடைக்குப் போய் என் டயரைக் கழற்றிச் சரியான பக்கமாகப் பூட்டிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி ஐந்தாறு வியாபாரிகள் நின்றார்கள்.

“சேர், நீங்கதான் மாத்திப் பூட்டச் சொன்னீங்களாம் எண்டு கடைக்காரர் சொல்றார். மெய்யா?” என்று நானா கேட்டார்.

“பின் டயரைப் போடலாம் எண்டு சொன்னனான் நானா. பூட்டுறது அவர்ர வேலைதானே.”

இதில் பொய் என்று பிடிக்க ஒரு சொல் இல்லை. இப்படி வசனம் அமைப்பது அலுவலகக் கடிதங்கள் எழுதி எழுதி வந்த பழக்கம். நானா தலையாட்டினார். நின்றவர்களும் தலையாட்டினார்கள். அந்த வாரத்தோடு ஒரு மீன் வியாபாரியும் அந்தக் கடையில் நிற்கவில்லை. காற்றடிக்கக்கூட நிற்கவில்லை.

அலுவலகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடையைக் கடந்துதான் போக வேண்டும். கடைக்காரர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பவும் மாட்டார். திருப்பியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இரண்டு மாதம் இப்படிப் போய், தாங்க ஏலாமல் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணன், பிழை என்னுடையது. நான்தான் மாத்திப் பூட்டச் சொன்னனான். ஆஸ்பத்திரியில அதை மறைச்சுப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அவர் கையிலிருந்த டியூப்பைக் கீழே வைத்தார். “இது எனக்குத் தெரியும்தானே தம்பி. எனக்கு ஏன் சொல்றீங்க?” என்றார். பிறகு வெறுமையாகக் கிடந்த வீதியைப் பார்த்தார். “ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கிறீங்க. எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல்ல நிக்கிறாங்கள். முடிஞ்சா இந்த வழியாலதான் போவாங்கள். அதுவரைக்கும் இருங்க. நான் மறிச்சுத் தாறன், அவங்களுக்குச் சொல்லுங்க.”

உள்ளேயிருந்த கதிரையை வீதியோரமாக இழுத்துப் போட்டு, துணியால் துடைத்தும் விட்டார். உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையை நான் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. தொழுகை முடிந்து, தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன்.

“அலுவலகத்தில கூட்டம் ஒண்டு இருக்கு அண்ணன். நாளைக்கு வாறன்.”

கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

“ஓம் தம்பி, போயிட்டு வாங்க,” என்றார்.

அதன் பிறகு அலுவலகத்துக்கு வேறு வழியால் போகிறேன். சுற்றுவழி, நேரம் கூடப் பிடிக்கும். இதை எழுதும்போதும் ஒருவர் பெயரையும் போடவில்லை. என் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். அந்த மனுசன் என்னிடம் கேட்டதோ, அவர் மேல் பிழை இல்லை என்று, அந்த ஆட்கள் முன்னால், நான் என் வாயால் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனம்.