அப்பா சொன்ன ‘திறீ’

ஹீட்டரில் காயப் போட்ட ஈரக் காலுறைகளின் மணம்... தொண்ணூறுகளின் நடுவில் டோர்செட் பார்க் பகுதியில், நாட்டை விட்டு வந்த புதிதில் நாங்கள் இருந்த ஒற்றை பெட்ரூம் அப்பார்ட்மென்ட் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

எங்கள் அகதி வழக்கு விசாரணைக்கு வர இருந்த குளிர்காலம். அப்பா லைப்ரரியிலிருந்து ஒரு வீடியோ கசெற் கொண்டு வந்தார். பழைய பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படம். மேடை நாடகத்தைப் படமாக்கியிருந்தார்கள்.

“நாடகக்காரர் எண்டபடியா வடிவா நிறுத்திக் கதைக்கினம். கோட்டிலை எப்பிடிக் கேப்பினம் எண்டு பாத்து வைப்பம்,” என்றார்.

படம் முழுக்க ஒரே நீதிமன்றம்தான். வெள்ளை விக் போட்ட வக்கீல், சாட்சிக் கூண்டில் நின்ற மனிதனை மெல்ல மெல்லக் கேட்டே அழ வைத்தார். எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. அம்மா மட்டும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அக்காவுக்குக் குஷி. அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினான்கு. அப்பாவின் கறுப்பு வின்ரர் கோட்டைப் போட்டு, தலையில் விக் மாதிரி வெள்ளைத் துவாயைக் கவிழ்த்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“சேர்! ஹவ் மெனி சில்ரன்?”

“திறீ.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அப்பா, டூ எண்டு சொல்லுங்கோ! திறீ எண்டா மூண்டு.”

“எனக்கு எண்ணத் தெரியும் பிள்ளை.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது... அம்மா ‘இல்லை’ என்று சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அம்மா டிவியை நிறுத்தினார்.

“இனியாவது அதுகளுக்குச் சொல்லுங்கோ.”

எங்களுக்கு முன்னால் ஓர் அண்ணா பிறந்திருந்தான். பெயர் தீபன். நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சல்.

“ஊரடங்கு, றோட்டெல்லாம் பூட்டு. தோளிலை போட்டுக்கொண்டு நடந்தனான்... ஆசுப்பத்திரி வாசலிலை இறக்கிப் பாத்தன்...”

அப்பா தன் தோளைத் தடவிக்கொண்டார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டில் அவனுடைய ஒரு போட்டோகூட இல்லை... எப்படி இவ்வளவு காலம்?

“ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?” என்றாள் அக்கா. துவாய் இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.

“சொன்னா அவன் இல்லையெண்டு ஆயிடும் எண்டு பயந்தன்.”

விசாரணையில் யாரும் அதட்டவில்லை. ஒரு மேசை, தண்ணீர், மொழிபெயர்க்க ஓர் அன்ரி. அவர்கள் கேட்காமலே அப்பா தீபனைப் பற்றிச் சொன்னார். எங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அப்பார்ட்மென்டில் ஒருவர் இருமினால் மற்ற மூவரும் எழும்புவோம். அப்படியிருந்தும் அந்தப் படம் பார்த்த நாள்வரை அந்தப் பெயர் என் காதில் விழுந்ததில்லை. இப்போது யூனியன்வில்லில் பெரிய வீடு, ஆளுக்கொரு அறை. அப்பா இல்லை.

போன கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அம்மா சொன்னார்:

“தீபனுக்கும் இப்ப தலை நரைச்சிருக்கும், என்ன?”

“ஓம் அம்மா,” என்றேன்.