எறும்பு சொன்ன வியாதி

எறும்புகளோடு எனக்கு அதுவரை எந்தத் தகராறும் கிடையாது. அவை பாட்டுக்கு அவை, நான் பாட்டுக்கு நான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில்தான் அந்த உறவு கெட்டது.

அப்போது விளாங்குடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம். அதை ஒட்டிச் சாக்கடைக்குப் போகிற சின்ன வாய்க்கால். காலையில் எழுந்ததும் காப்பி டம்ளரோடு அங்கே போய் நிற்பேன். காப்பியும் முடியும், மற்ற காரியமும் முடியும். டம்ளரின் அடியில் மிஞ்சியதைச் சுழற்றி அங்கேயே ஊற்றிவிட்டு வருவேன். அந்தக் காலத்தில் தெருவில் பாதி ஆண்கள் இப்படித்தான் இருந்தார்கள், என்னை மட்டும் முறைக்க வேண்டாம். அன்றைக்குத் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். நான் தினமும் நிற்கிற இடத்தில் கறுப்பாக எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி வியாதி. இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கூடுதலாக இன்னொன்றும் தெரியும். கப்பலூரில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த பட்டறையில், ஃபோர்மேனுக்கு அந்த வியாதி முற்றிக் கால் கட்டைவிரலை எடுத்திருந்தார்கள். நான் அங்கேயே நின்று என் கால் விரல்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. இப்போதைக்கு.

வியாதி வருவதற்கான தகுதி எனக்கு நிறையவே இருந்தது. தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி வெட்டி, குழம்பை ஊற்றிக் குளம் கட்டிச் சாப்பிடுகிற ஆள் நான். காய் என்பது தட்டின் ஓரத்தில் மரியாதைக்கு இருக்கும், அதை நான் மரியாதையாக அப்படியே விட்டுவிடுவேன். பட்டறையில் பதினோரு மணிக்கு வடை, வீட்டுக்குத் திரும்பும் வழியில் புரோட்டா, அதன் மேல் எண்ணெய் மிதக்கிற சால்னா. காப்பிக்கு மூன்று கரண்டி சீனி.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அவளுக்குப் பதிலாக, தினமும் என்னோடு பஸ்ஸில் வருகிற லேத் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான், ஏதோ தொற்றிக்கொள்கிற மாதிரி.

"எறும்பு கறுப்பா, செவப்பா மாப்ள?"

"கறுப்பு."

"அப்ப ஆரம்ப கட்டந்தான். செவப்பு வந்துச்சுன்னாத்தான் டேஞ்சர்."

"இது எந்த டாக்டர் சொன்னது?"

"எங்க சித்தப்பா சொன்னாரு."

"அவரு எப்படி இருக்காரு?"

"செத்துப் போயிட்டாரு."

அந்த நல்ல செய்தியோடு அவன் ஒரு வைத்தியமும் சொன்னான். சோற்றை அடியோடு விட வேண்டும், கம்பங்கூழும் பாகற்காய்ச் சாறும் மட்டும்தான். அன்று இரவே நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன, கடையில தின்னுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இனிமே எனக்குச் சோறு வேணாம். கூழ் போதும். காப்பிக்குச் சீனியும் வேணாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரையாச்சும் மயக்கப் போறீங்களோ?"

ஆனால் கூழ் வந்தது. கூழோடு அவளாகவே முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்தாள். கூழைக் குடித்துவிட்டுக் கீரையை வழக்கம்போல ஒதுக்கினேன். மறுநாள் காலை பாகற்காய்ச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். முகம் போன கோணத்தைப் பார்த்து வாசலில் நின்ற பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரத்துக்குள் எறும்பைக் காணோம்! முருங்கையடியில் நின்று கெக்கலித்தேன். பஸ்ஸில் லேத் ஆபரேட்டரைக் கட்டிப்பிடித்தேன். பாகற்காய்க்கு மாலை போடாத குறைதான். வியாதியே பயந்து ஓடிவிட்டது, இன்னும் கொஞ்சம் விரட்டினால் ஜில்லாவைத் தாண்டிப் போய்விடும் என்று கூழையும் பாதியாகக் குறைத்தேன். அதன் பிறகு ஸ்டோரில் கை நடுங்கியது. போல்ட் கேட்டவனுக்கு வாஷர் எடுத்துக் கொடுத்தேன். ஏணியில் ஏறினால் ரேக்குகள் தேர் மாதிரி அசைந்தன. பசி என்று தோன்றவே இல்லை. வியாதி தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் தோன்றியது.

இந்த நிலையில் மச்சினன் ஊரிலிருந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி எல்லோருக்கும் ஒன்றாகக் காப்பி போட்டாள். வந்தவன் முன்னால் வம்பு எதற்கு என்று நானும் வாங்கிக்கொண்டேன். பழையபடி காப்பி, பழையபடி மூன்று கரண்டி சீனி. தேவாமிர்தம். டம்ளரோடு பின்பக்கம் போய் நின்று, ரசித்துக் குடித்து, வழக்கம்போல மிச்சத்தை ஊற்றிவிட்டு வந்தேன்.

மத்தியானம் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எறும்பு. முன்பைவிடக் கூட்டம், சொந்தபந்தங்களையும் அழைத்துவந்த மாதிரி. ஒரே ஒரு டம்ளர் காப்பிக்கே இம்புட்டு என்றால் உடம்புக்குள் என்ன மிச்சமிருக்கும்? ஃபோர்மேனின் கால் கண் முன்னால் வந்தது. நேராக அடுப்படிக்குப் போனேன்.

"இந்தா பாரு, பதறாத. எனக்குச் சீனி வியாதி."

"யாரு சொன்னா?"

"எறும்பு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் முழுக்கதையையும் சொன்னேன். அவள் அழவில்லை. "எறும்பு எந்தக் காலேஜ்ல படிச்சுச்சு?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நாளைக்கு லீவு போடுங்க. டவுனுக்குப் போய் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்" என்றாள். அந்தத் தணிவுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "நல்லாக் கழுவிட்டுப் பிடிங்க, இல்லாட்டி எலுமிச்சங்காய் வியாதின்னு எழுதிக் குடுத்துருவாங்க" என்றாள். சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டிய நிலம் எதுவும் இல்லையே என்று ஆறுதல்பட்டுக்கொண்டு போனேன்.

பரிசோதனைக் கூடத்தில் ஓர் இளைஞர் கண்ணாடிக் குழாயில் ஏதோ மருந்தை ஊற்றினார். என் பாட்டிலிலிருந்து சில சொட்டுகள் விட்டு, சின்ன விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தார். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல நீலம், மயில் கழுத்து மாதிரி.

"போச்சு, நீலம்!" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மருந்தே நீலந்தாண்ணே. சுகர் இருந்தா பச்சை, மஞ்சள், ரொம்பப் போனா செங்கல் மாதிரி ஆகும். உங்களுக்கு மாறவே இல்ல. ஒண்ணுமே இல்லண்ணே."

"இன்னொரு தடவ கொதிக்க வைங்க தம்பி."

வைத்தார். மறுபடியும் நீலம். அத்தனை அழகான நிறத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மனைவி முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் கால்கள் தாமாகப் புரோட்டாக் கடைப் பக்கம் போயின. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வீட்ல சோறு இருக்கு."

மறுநாள் காலை அவளே முருங்கையடிக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். எறும்புகள் நான் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, காப்பிக்கறை காய்ந்திருந்த கல்லைச் சுற்றித்தான் மொய்த்தன. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கவிழ்த்தாள். கரையாத சீனி அடியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"மூணு கரண்டி போட்டு, கலக்காமக் குடிச்சு, மிச்சத்த இங்க கொட்டினா எறும்பு வராம என்ன செய்யும்? சீனிய விட்டீங்க, அதுவும் போயிருச்சு. முந்தா நாள் மறுபடி ஊத்துனீங்க, வந்துருச்சு."

நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அதுவும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள். "சோத்தக் கொறைச்சதும் சீனிய விட்டதும் நல்லதுதான். பட்டினி கெடந்ததுதான் கிறுக்குத்தனம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதுச் சட்டம். முதலில் கீரையும் கூட்டும் தட்டுக்கு வரும். அதை முடித்தால்தான் சோறு, அதுவும் குளம் வெட்ட முடியாத அளவு. அதுவரை டப்பாவிலிருந்து சரித்து ஊற்றிய எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றினாள். வடைக்குப் பதில் டிபன் பாக்ஸில் தட்டாம்பயறுச் சுண்டல் வந்தது. கம்பங்கூழ் வாரத்தில் சில நாள், மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, தண்டனையாக இல்லாமல். பாகற்காயைக் குழம்பில் போட்டாள், அது மனிதன் சாப்பிடுகிற பொருள் என்பது அப்போதுதான் விளங்கியது. கை நடுக்கம் நின்றது. ஏணியில் ஏறினால் ரேக்குகள் நின்ற இடத்தில் நின்றன.

காப்பிக்கு அரைக் கரண்டி சீனி, நன்றாக ஆற்றி, அடிவரை குடித்துவிடுவேன். எறும்புகள் சில நாள் வந்து பார்த்துவிட்டு மதிலைத் தாண்டிக் குடிபெயர்ந்தன. கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம். எறும்பு மொய்ச்சா..."

அவர் கால் விரல்களை எண்ணி முடித்துவிட்டார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"காப்பிக்கு எம்புட்டுச் சீனி போடுறீங்க?"