ஒன்பதாவது முடிச்சு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் கதை பிடுங்குவதுதான் என் படிப்பு. அதை நம்பித்தான் திருகோணமலைத் துறைமுகத்தடிப் பள்ளிக்கூடத்து அதிபர் ஐந்து பிள்ளைகளை என்னிடம் விட்டார். ஆளுக்கொரு விஷயத்தைச் சனங்களிடம் விசாரித்து, ருசியாக எழுத வேண்டும். கையெழுத்துச் சஞ்சிகையில் வரும்.

பாலையூற்றில் தங்கிப் படித்த மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, லாஞ்சு என்ற மோட்டார்ப் படகு வருமுன் பாய்த்தோணியில் குடாவைத் தாண்டிய பெண்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டாள். வெள்ளிக்கிழமை லாஞ்சில் ஊருக்குப் போகையில் விசாரிக்கும்படி கோடு போட்ட கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கொப்பியைத் திறந்தால், ஆறு பெண்கள், ஒரே பதில்: வீட்டில் இத்தனை பேர், எல்லாரும் இருக்கிறோம். கொப்பியைக் கண்டதும் கூப்பன் அரிசிக்கு ஆள் எண்ண வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஒராள், போன வருசம் மௌத்தான மாமியாரையும் உயிரோட சேர்த்துச் சொன்னவ, சேர்," என்றாள். எனக்குச் சிரிப்பு. அவளுக்கு அழுகை. அடுத்த திங்களுக்குள் கட்டுரை வராவிட்டால் அவளுக்குப் பக்கம் இல்லை என்று அதிபர் சொல்லியிருந்தார்.

எங்கள் சந்தையில் மீன் விற்கிறவர் சொல்வார்: கேள்விக்குத் திறவாத வாய் பிழைக்குத் திறக்கும். "கொப்பியை வைச்சிட்டுப் போ பிள்ளை. சும்மா இருந்து, ஏதாவது பிழையாய்ச் சொல்லு," என்றேன்.

அடுத்த லாஞ்சில் அவள், "பாய்த்தோணியில பயமே இல்லையாம்," என்று இழுத்தாளாம். கருவாட்டுக் கூடையோடு இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஆருடி புள்ள சொன்ன? காத்து விழுந்தா நடுக்கடல்ல காஞ்சு கிடப்பம். என்ட மூத்தவன் தோணியிலதான் பொறந்தான்!"

"பொய் சொல்லாதடி. கரை தட்டின பிறகுதான் பொறந்தான். நானெல்லோ புள்ளயக் கையில பிடிச்சனான்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அதன்பிறகு வாய்கள் மூடவில்லை. எழுத வழியில்லாத பிள்ளை கதைக்கொரு முடிச்சாகத் தாவணித் தலைப்பில் போட்டுக்கொண்டு வந்தாள். என் முன்னால் இருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சொல்லச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஒன்பதாவது முடிச்சில் கை நின்றது.

"இது என்னத்துக்கெண்டு மறந்துபோச்சு, சேர்."

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "அதையும் அப்படியே எழுது," என்றேன். எழுதினாள்: 'ஒன்பதாவது முடிச்சு எதற்கென்று எனக்கு ஞாபகமில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.'

அதிபர் அந்த வரியில் விரலை வைத்தார். "மறந்துபோச்செண்டும் எழுதுறதோ?"

"அதை வெட்டினா, மற்ற எட்டையும் ஆர் சேர் நம்புவினம்?" என்றேன்.

அதிபர் பேனையை எடுத்துப் பக்க இலக்கம் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளி, கட்டுரையை லாஞ்சில் வாசித்துக் காட்டினாள். அந்த ஒன்பதாவது தன் கதைதான் என்று ஒவ்வொருத்தியும் சண்டைக்கு வந்தாளாம். திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் வந்தபோது தாவணியின் இரண்டு தலைப்பிலும் முடிச்சுப் போட இடமில்லை.