போய்ச் சேருமுன் கழுவிய வீடு

சித்திரை வருசப் பிறப்புக்கு வந்தவர்கள் சித்திரைக்குள்ளேயே போய்விடுவார்கள் என்று நம்பும் அளவுக்கு அப்போது நான் சின்னப் பெண். கலியாணமாகி இரண்டாவது வருசம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று யார் சொல்லிவைத்தார்களோ, அவருக்கு நாத்தனார் இருந்திருக்க மாட்டார்.

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சின்னக் கிளாக்கராக இருந்தார். எங்களுக்கென்று தந்திருந்த குவாட்டர்சில் இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் நாலு ரோசாச் செடி. அதற்குள் பதுளைப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரரின் அக்கா வந்து இறங்கினார். கூடவே அவருடைய புருசன், மூன்று பிள்ளைகள், இரண்டு டிரங்குப் பெட்டி. புருசன் பேசாத மனிதர். பேச இடம் கிடைத்திருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ.

வந்த மறுநாளே என் நாத்தனார் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "என்னடியம்மா இது, வீடா சந்தையா? நான் ஒழுங்கு பண்ணித் தர்றேன் பாரு" என்றார். பண்ணினார். உப்புப் போத்தல் இருந்த இடத்துக்குச் சீனி போனது. சீனி இருந்த இடத்துக்குச் சவர்க்காரம் வந்தது. மிளகாய்த்தூள் டின் கூரைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் நல்ல உயரம். நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். ஒவ்வொரு நாளும் குழம்பு வைக்க நான் முக்காலி மேல் ஏறி இறங்கினேன். தேங்காய்த் துருவி பிள்ளைகள் காலை வெட்டிவிடுமாம், அதனால் அது கட்டிலுக்கு அடியில். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, தான் படுத்துக்கொண்டே பார்க்க வசதியான சுவரில் மாட்டினார். மாட்டிய கையோடு அது நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நேரம் என்று ஒன்று இல்லை. காலைச் சாப்பாடு மத்தியானம் வரைக்கும் நடந்தது. மத்தியானச் சாப்பாடு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தேத்தண்ணீர் மட்டும் மழை மாதிரி, எப்போது வேண்டுமானாலும்.

தோட்டத்து டாக்டர் ஐயா சிங்களவர். வருசப் பிறப்புக்கு அவர் வீட்டிலிருந்து கொக்கிஸ் பலகாரமும் வெல்லப்பாகு மாதிரி ஒரு போத்தல் கித்துள் பாணியும் வந்தன. கொக்கிஸ் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. பாணிப் போத்தல் எங்கே போனது என்று நான் கேட்டேன். "பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இதெல்லாமா கணக்குப் பாப்பாங்க?" என்று நாத்தனார் திருப்பிக் கேட்டார். கேட்டது என் தப்பு.

இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்றால், எனக்குப் பொறுமை அதிகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரே ஒரு மாஸ்டர். அத்தனை பிள்ளைகளையும் ஒற்றை மனிதராக மேய்த்துக்கொண்டிருந்தார். நான் மாத்தளைக்குப் போய் எஸ்.எஸ்.சி. வரைக்கும் படித்தவள் என்று தெரிந்ததும், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே வரச்சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படித்த படிப்பு வெங்காயம் உரிக்கத்தான் என்று முடிவு கட்டியிருந்தவளுக்கு வந்த வாய்ப்பு. இதை விட்டால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார். தாயில்லாத பிள்ளையாக அவரை வளர்த்தது அக்காதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துரையோடு இங்கிலீசில் வாதாடுகிற மனிதர், முடி வெட்டுகிறவரை மாற்றக்கூட பதுளைக்குக் கடுதாசி போடுவார். அக்காதான் வருசப் பிறப்புக்கு வருகிறாரே, நேரில் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சொல்லிட்டீங்களா?"

"சமயம் பாத்துச் சொல்றேன்."

காலையில் அக்கா அப்போதுதான் எழுந்திருப்பார், சமயமில்லை. சாப்பிடும்போது சொன்னால் சோறு இறங்காது, சமயமில்லை. சாப்பிட்ட பிறகு அக்காவுக்குத் தூக்கம். தூங்கி எழுந்தால் தேத்தண்ணீர். இப்படியே சமயம் என்ற அந்தப் பெரிய மனிதர் எங்கள் வீட்டுப் பக்கமே வராமல், நாத்தனார் புறப்படுகிற நாள் வந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம்.

புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வீட்டுக்காரர் கூடப் போனார். மாத்தளைக்கு இறங்கி, அங்கே ரயில் பிடித்து, நடுவில் வண்டி மாறி, அவர்கள் பதுளை போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். போகிற வழியிலாவது சொல்லிவிடுவார் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே விசயம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"வாயெடுத்தேன். அதுக்குள்ள டிரைவர் ஹோர்ன் அடிச்சுட்டான்" என்றார். "இப்ப என்ன அவசரம்? கடுதாசி போட்டுக் கேட்டுக்குவோம். அடுத்த தவணையில போனாப் போச்சு."

"அடுத்த தவணை வரைக்கும் மாஸ்டர் எனக்காக நாற்காலியத் தொடைச்சு வச்சுக்கிட்டு இருப்பாரா?"

"அக்காவ மீறி நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒனக்குத் தெரியும்."

தெரியும்.  அழுகை வந்தது. அழுதால் அதற்கும் சமயம் பார்க்கச் சொல்வார் என்று விளக்குமாற்றை எடுத்தேன். வீட்டையாவது திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வீம்பு.

"ஏய் ஏய்!" என்று பாய்ந்து வந்தார். "ஒனக்கு அறிவு இருக்கா? அவங்க ஊர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி வீட்டக் கூட்டுறியா?"

எங்கள் ஆட்களுக்குள் இது பெரிய விசயம். பயணம் போனவர்கள் போய்ச் சேரும் வரைக்கும் அவர்கள் புறப்பட்ட வீட்டைக் கூட்டக்கூடாது. கழுவுவதோ, பேச்சே கிடையாது. ஆள் வெளியேறியதும் தண்ணீர் விட்டுக் கழுவுவது ஒரே ஒரு வீட்டில்தான், பிணம் எடுத்த வீட்டில். இது எனக்கும் தெரியாததல்ல. விளக்குமாற்றை மூலையில் வைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை பேச முடியாத மனிதர், அக்காவின் ஆயுளுக்கு மட்டும் காவல் நின்றார்.

கூட்டத்தானே கூடாது, எடுத்து வைக்கலாமே. முக்காலியில் ஏறி மிளகாய்த்தூளைக் கீழே இறக்கினேன். உப்பையும் சீனியையும் அதனதன் இடத்தில் சேர்த்தேன். கடிகாரத்தைப் பழைய ஆணியில் மாட்டிச் சாவி கொடுத்தேன், சமர்த்தாக ஓடியது. நாளைக்கு எனக்கு எங்கும் போகிற வேலை இல்லை, இருந்தாலும் நேரம் தெரிந்தால் நல்லதுதானே.

வீட்டுக்காரர் மறுநாள் ஆபீசுக்குக் காலில் போடுகிற சப்பாத்தைத் தேடினார். அக்கா ஒழுங்கு பண்ணிய வீட்டில் சப்பாத்து எங்கே இருக்கும்? "கட்டிலுக்கு அடியில பாருங்க, அங்கதான் எல்லா ஒழுங்கும் இருக்கு" என்றேன். குனிந்து கையை விட்டார். அடுத்த நிமிசம் "ஐயோ அம்மா!" என்று ஒரு துள்ளல். கை முழுக்கச் சிவப்பு எறும்பு. கட்டிலை இழுத்துப் பார்த்தால், காணாமல் போன பாணிப் போத்தல் கவிழ்ந்து கிடக்கிறது. பாணி தரையெல்லாம் பரவி, சப்பாத்துக்குள் புகுந்து, அதன் மேல் முறுக்குத் தூள், அதன் மேல் அந்த மலையிலுள்ள எறும்பெல்லாம் வருசம் கொண்டாடிக்கொண்டிருந்தன. காலிலும் ஏறிவிட்டன. மனிதர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் காமன் கூத்தில்கூடப் பார்க்க முடியாது.

ஆடிக்கொண்டே குசினிக்கு ஓடினார். ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்.

"ஏங்க, அக்கா இன்னும் கண்டியே தாண்டலையே" என்றேன்.

"எறும்பு என்ன, நாள் நட்சத்திரம் பாத்தா கடிக்குது?" என்று சளாரென்று ஊற்றினார். ஒரு வாளி. பிறகு இன்னொன்று. மூலையில் நான் வைத்த விளக்குமாற்றை எடுத்து, அறையிலிருந்து முன்வாசல் வரைக்கும் தள்ளினார். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருசத்தில் அவர் வீடு கழுவி நான் பார்த்ததே அன்றுதான். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே கழுவினார்.

மூன்றாவது வாளி வாசற்படி தாண்டி ஓடும்போது வெளியே பிள்ளைகள் சத்தம் கேட்டது. நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன்.

இரவு பெய்த மழையில் கீழே எங்கோ ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். பஸ் பாதி வழியில் நின்று, திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெட்டிகளோடு அத்தனை பேரும் ஏறி வந்து வாசலில் நிற்கிறார்கள். தண்ணீர் படியிறங்கிப் போய் நாத்தனாரின் காலைத் தொட்டது. அவர் காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்ன, எங்கள எடுத்துட்டீங்களா?" என்றார். "பாடை கட்டியாச்சா?"

என் வீட்டுக்காரர் கையில் விளக்குமாறு. காலடியில் வாளி. அவர் விளக்குமாற்றைப் பார்த்த பார்வை, யாரோ வழிப்போக்கன் கையில் திணித்துவிட்டுப் போனதுபோல. மெதுவாக அதைச் சுவரில் சாய்த்தார். வாளியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். நான் அதைப் பார்த்தேன்.

"யாருடா இந்த வேலை செஞ்சது?"

"இவதாங்க்கா" என்றார். "நான் சொன்னேன், கேக்கல."

எனக்குத் தலைக்குள் கொதித்தது. வாயைத் திறந்தால் அவர் மானம் கப்பலேறும். திறக்கவும் செய்தேன். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். காப்பாற்று என்று கெஞ்சுகிற கண். இந்தக் கண் இப்படி இன்னொரு முறை என்னைப் பார்க்காது. சமயம், சமயம் என்று அவர் தேடிய அந்தப் பெரிய மனிதர் இதோ எங்கள் வாசலில் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறார் என்று எனக்குப் பட்டது.

"ஆமாங்க அண்ணி. நான்தான் கழுவினேன், தப்புத்தான்" என்றேன். "நாளைக்குக் காலையில பள்ளிக்கூடம் போகணும். அப்புறம் வீட்டுல நிக்க நேரமிருக்காதுன்னு அவசரப்பட்டுட்டேன்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடம்தாங்க. டீச்சர் வேலை. அவருதான் போகச் சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாரே, இல்லையா?"

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார்.  இல்லை என்று சொன்னால் நான் அடுத்து எதைச் சொல்வேன் என்று தம்பிக்குத் தெரியும்.

"ஆமாக்கா. நான்தான் போகச் சொன்னேன்."

அக்காவின் பார்வை தம்பியின் சாரத்துக்கு இறங்கியது. முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டிக் கிடந்தது. பிறகு என் சேலைக்கு வந்தது. கரையில் ஒரு துளி ஈரமில்லை. நாத்தனார் முட்டாளில்லை, அதை நான் எங்கும் சொல்வேன். நேரம் எடுத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு என்னைத்தான் ஏசினார்.

"மனுசங்க தலை மறையிறதுக்குள்ள தண்ணி ஊத்துறவ, டீச்சர் வேலைக்கில்ல, எந்த வேலைக்கும் போவா. இனிமே இந்த வாசப்படி மிதிச்சேன்னா என்னை என்னான்னு கேளு!"

சொல்லி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. மிதித்தார். எல்லாரும் உள்ளே வந்தார்கள். ரோடு சரியாகும் வரைக்கும் இருந்தார்கள். மறுநாள் காலையில் நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது நாத்தனார் குசினியில் நின்று மிளகாய்த்தூள் டின்னைத் திரும்ப மேல் பலகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். போயிட்டு வாறேன் என்றேன். டின்னை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். வீட்டுக்காரர் எறும்பு கடித்த கையைச் சொறிந்துகொண்டு, வாசல் படலை வரைக்கும் கூட வந்தார்.

இரண்டாவது முறை அவர்கள் போனபோது, வந்து சேர்ந்தோம் என்று கடுதாசி வரும் வரைக்கும் வாசல் தெளிக்கக்கூட அவர் என்னை விடவில்லை.

நாத்தனார் அந்தக் கதையைப் பதுளையிலிருந்து அட்டன் வரைக்கும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பெண்கள் என்னைக் காட்டிக் கிசுகிசுப்பார்கள், நாத்தனாரை உயிரோடு கழுவிவிட்டவள் என்று. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். ஒருநாள்கூட வாய் திறந்ததில்லை. நானும் திறக்கவில்லை. அந்தப் பெயரோடுதான் நரை விழும் வரைக்கும் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா எழுதிக் கொடுத்தேன். இதுதான் விலை என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால், எறும்புக்காகக் காத்திருந்திருக்க மாட்டேன். அந்தத் தண்ணீரை நானே ஊற்றியிருப்பேன்.